சுமையும் சுமப்போரும்: 'ஸ்ரெஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஒரு சொல்லின் பொருள் காலத்தால் மாறும்பொழுது அச்சொல் நிற்கும் வாக்கியத்தின் அமைப்பும் மாறிவிடுவதுண்டு. முதலாவது மாற்றத்தை அகராதிகள் பதிவு செய்கின்றன. இரண்டாவது மாற்றம் பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போய்விடுகின்றது. 'ஸ்ரெஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாய்க்கப்பல் காலத்து ஆங்கில மாலுமி 'காற்றுமழையின் ஸ்ரெஸ்' காரணமாகத் துறைமுகம் புகுந்ததாகக் குறிப்பேட்டிலே எழுதினான். பின்வந்த எழுத்தாளர் வறுமையின் ஸ்ரெஸ் என்றும் சூழ்நிலையின் ஸ்ரெஸ் என்றும் எழுதினர். இன்று ஆங்கிலம் பேசுபவர் 'எனக்கு ஸ்ரெஸ்' என்ற கருத்துப்படக் கூறி அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். முன்னைய வாக்கியங்களிலே ஆறாம் வேற்றுமை ஒன்று இருந்தது. நெருக்குவது எது என்பதை அது பெயர்சுட்டிச் சொல்லிற்று. இன்றைய வாக்கியத்திலே அது இல்லை. அந்த ஆறாம் வேற்றுமை எக்காலத்தில், எத்தகைய சமூகச் சூழலில் உதிர்ந்துபோயிற்று என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலே உள்ளது. இறுக்கிக் கட்டுதல், வரிந்து இழுத்தல் என்னும் பொருள்படும் 'ஸ்ற்றிங்கெரெ' என்ற வினையின் வழிவந்த பழைய பிரெஞ்சுச் சொல் ஒடுக்கமான இடத்தையும் ஒடுக்குமுறையையும் ஒருங்கே குறித்தது. தமிழிலே ஒடுக்கம், ஒடுக்குமுறை ஆகிய இரண்டும் ஓரடிச் சொற்களாக நிற்பது இங்கு நினைவுக்கு வருகின்றது. ஆங்கிலத்திற்கு வந்தபொழுது, ஏற்கெனவே துன்பத்தைக் குறித்து வழங்கிய 'டிஸ்ரெஸ்' என்னும் சொல்லின் முதலசை தேய்ந்த வடிவத்தோடு அது கலந்துவிட்டது. 1303இல் றொபேட் மானிங் என்னும் துறவி எழுதத் தொடங்கிய சமயபோதனை நூலிலே இஸ்ரவேலர் நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் பட்ட இன்னலைக் குறிக்க இச்சொல் வருகின்றது. ஆரம்பத்திலே அது மனத்தின் நிலையைக் குறிக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது. மக்கள் மீது வந்து விழுந்த கொடுமையே அன்று ஸ்ரெஸ் எனப்பட்டது.

'டிஸ்ரெஸ்' என்னும் சொல்லுக்கு ஆங்கிலச் சட்டத்திலே தனியானதொரு பொருள் இருந்தது. குடியானவன் வாரத்தையோ வாடகையையோ செலுத்தத் தவறின், நிலவுடைமையாளன் நீதிமன்றக் கட்டளை எதனையும் வேண்டாது அவனது கால்நடைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் பற்றிக்கொண்டுபோய், நிலுவை தீரும்வரை ஈடாக வைத்திருக்கும் உரிமைக்குப் பெயர் அதுவே. 'ஸ்ரெஸ்' என்னும் குறுகிய வடிவமும் இதே பொருளில் வழங்கியது. பற்றப்பட்ட மாட்டையும் அச்சொல்லால் குறித்ததுண்டு. இவ்வுரிமை கட்டுமீறிப் போனமையால் 1267இல் மார்ல்பறோ நியதிச்சட்டத்தின் மூலம் அதற்கு வரம்பிட வேண்டியதாயிற்று. ஒரு பிரபுவின் பற்றுதல் அதிகாரம் செல்லுபடியாகும் எல்லைக்கு மத்தியகால இலத்தீனில் வழங்கிய சொல்லிலிருந்தே 'டிஸ்ரிக்ற்' பிறந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்திலே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்து, இன்று மாவட்டம் என நாம் மொழிபெயர்த்து வழங்கும் சொல் அது. வாடகைக்காகப் பொருளைப் பற்றும் அந்தப் பழைய உரிமை இங்கிலாந்திலே 2014 ஏப்ரலில்தான் ஒழிக்கப்பட்டு, அதன் இடத்தில் வணிகக் கட்டடங்களுக்கு மாத்திரமான புதிய நடைமுறை வந்தது. இவற்றைச் சொற்பிறப்பு விநோதங்கள் என்று ஒதுக்கிவிடல் ஆகாது. உள்ளத்தின் துயரைக் குறிக்கும் ஒரு சொல்லும், வாரத்துக்காக மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகும் செயலைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாக இருந்த காலத்திலே, துயரின் காரணம் எங்கிருந்து வருகிறதென்பது எவருக்கும் ஐயமாக இருந்திருக்க முடியாது.

ஆங்கிலத்திலே இதனோடு ஒருபொருள் குறித்து வழங்கும் ஏனைய சொற்களையும் சற்று நோக்குதல் வேண்டும். 'ஸ்ரெயின்' அதே இலத்தீன் வேரிலிருந்து வேறொரு வழியால் வந்தது. 'ரென்சன்' நீட்டி இழுத்தலைக் குறிக்கும் வேறொரு வினையிலிருந்தும், 'பிறஷர்' அமுக்குதலைக் குறிக்கும் மற்றொரு வினையிலிருந்தும் வந்தவை. பதகளிப்பைக் குறிக்கும் 'அங்சயற்றி', கடுந்துயரைக் குறிக்கும் 'அங்விஷ்', மாரடைப்பின் முன்னோடியான நெஞ்சுவலிக்கு மருத்துவர் இட்ட 'அஞ்சைனா' ஆகிய மூன்றுமே குரல்வளையை நெரித்தலைச் சுட்டும் ஒரே இலத்தீன் அடியிற் சந்திக்கின்றன. நம்முடைய இடுக்கண் என்ற சொல்லும் இடுக்கு என்பதோடு ஒலியிலும் பொருளிலும் அணுக்கமுடையது. குறளிலே 63ஆம் அதிகாரத்தின் தலைப்பை வாசிக்கும்பொழுது ஓர் ஒடுங்கிய வழியிலே அகப்பட்ட மனிதனின் சித்திரம் தோன்றுவது இயல்பே.

இவை யாவற்றினும் 'வொறி' என்னும் சொல்லே நமது விசாரணைக்குப் பெரிதும் துணைசெய்வது. இன்று கவலைப்படுதல் என்று பொருள்படும் இச்சொல் பழைய ஆங்கிலத்திலே கழுத்தை நெரித்துக் கொல்லுதலைக் குறித்தது. நாய் ஆட்டின் தொண்டையைக் கவ்விக் குதறுவதை ஆங்கிலேய இடையர் இன்றும் அச்சொல்லாலேயே குறிப்பர். அதன்பின் ஒருவரையொருவர் தொல்லைப்படுத்துதல் என்ற பொருள் வந்தது. தனக்குள்ளே கிடந்து கவலைப்படுதல் என்ற செயப்படுபொருள் குன்றிய வினையாக அது பெருவழக்குப் பெற்றதோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். நாய் வாக்கியத்திலிருந்து மறைந்துவிட்டது. ஆடு மாத்திரம் தன்னைத்தானே குதறிக்கொண்டு நிற்கின்றது! ஸ்ரெஸ் என்னும் சொல் நடந்த பாதையும் இதுவே. ஆயின் அது பௌதிகவியல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சுற்றுவழியின் தொடக்கத்திலே நிற்பவர் றொபேட் ஹூக். இலங்கை வாசகருக்கு இவர் முற்றிலும் அந்நியரல்லர். 1659 நவம்பரிலே சென்னைக் கரையில் வீசிய புயலில் 'ஆன்' என்னும் வணிகக்கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. பாய்மரம் அமைப்பதற்காக அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தபொழுது அதிலிருந்த இளைஞரான றொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களால் 1660இல் பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து மீண்ட அவர் 1681இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவர் இதே ஹூக்தான். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1678இல், வில்சுருள்களைப் பற்றிய தமது சிறுநூலிலே, நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்னும் விதியை ஹூக் வெளியிட்டிருந்தார். 1676இலேயே அவ்விதியை எழுத்துகள் இடம்மாறிய புதிராக அச்சிட்டுத் தமது உரிமையை உறுதிசெய்துகொண்ட அவரது சாதுரியம் தனிக்கதை. அவ்விதியின் இலத்தீன் வாசகத்திலே நீட்சிக்கு அவர் இட்ட பெயர் 'தென்சியோ'. தமிழகத்துத் திரைப்படங்களிலும் நமது பேச்சிலும் பழகிப்போன 'ரென்சன்' அச்சொல்லின் வழித்தோன்றலே.

ஹூக்கின் விதிக்குப் பின்னர் தோமஸ் யங் 1807இல் வெளியிட்ட விரிவுரைகளும், 1820களிலே பிரெஞ்சுக் கணிதவியலாளரான கோஷி ஆற்றிய பணியும் குறிப்பிடத்தக்கவை. திண்மப் பொருளொன்றின் உள்ளே எந்தவொரு தளத்திலும் செயற்படும் விசையைக் கணிக்கும் முறையைக் கோஷி வகுத்தார். எனினும் ஸ்ரெஸ், ஸ்ரெயின் ஆகிய இரு சொற்களும் அதன் பின்னரும் நெடுங்காலம் ஒன்றுக்கொன்று பதிலாகவே வழங்கிவந்தன. அவற்றைத் தெளிவாகப் பிரித்தவர் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளரான வில்லியம் றாங்கின், ஆண்டு 1855. பொருளின் உருவிலும் பருமனிலும் ஏற்படும் மாற்றம் ஸ்ரெயின். அதன் பகுதிகளுக்கிடையே செயற்படும் விசை ஸ்ரெஸ்.

இந்தப் பாகுபாடு கணிதத்தின் உள்தேவையால் மாத்திரம் பிறந்ததன்று. 1842 மே மாதத்திலே வேர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகையிரதத்தின் எந்திரத்தில் அச்சாணி முறிந்தது. வெளியே பூட்டப்பட்ட பெட்டிகளுக்குள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் எரிந்து மாண்டனர். அடுத்த ஆண்டிலேயே இளைஞரான றாங்கின் புகையிரத அச்சாணிகள் எதிர்பாராது முறிவதன் காரணம் பற்றிக் கட்டுரை எழுதினார். 1847இல் செஸ்ரர் நகரருகே டீ ஆற்றுப் பாலம் இடிந்தது. கொதிகலன்கள் வெடித்தன. இலாபத்தைக் கருதி மேன்மேலும் கூடிய சுமையை மேன்மேலும் கூடிய வேகத்திலே இழுக்க முற்பட்ட ஒரு பொருளாதாரத்துக்கு, இரும்பு எவ்வளவைத் தாங்கும் என்று அறியவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டிருந்தது. ஆக, பொறியியலாளரின் ஸ்ரெஸ் ஒருபொழுதும் தனித்து நிற்பதில்லை. அதற்கு வெளியே ஒரு சுமை இருந்தே தீரும். சுமையின் அளவு எழுதப்படாத கணிப்பு கணிப்பே ஆகாது. பாலம் இடிந்தால் பாலத்தின் மனோபாவத்தை எவரும் விசாரிப்பதில்லை. ஏற்றிய சுமை எவ்வளவு, ஏற்றியவர் யார், கட்டியவர் யார் என்றே விசாரணை நடக்கும்.

மனிதரிடமிருந்து உலோகத்துக்கும் உலோகத்திலிருந்து மனிதருக்குமாகச் சொற்கள் இக்காலத்திலே இடம்பெயர்ந்தன. களைப்பைக் குறிக்கும் 'பற்றீக்' என்னும் மனிதச் சொல்லை, மீண்டும் மீண்டும் சுமையேறி முறியும் இரும்புக்குப் பொறியியலாளர் வழங்கினர். மறுதலையாக, ஸ்ரெஸ்ஸும் ஸ்ரெயினும் ரென்சனும் எந்திரவியற் சாயலோடு மனிதருக்கு வந்து சேர்ந்தன. 1869இல் அமெரிக்க மருத்துவரான ஜோர்ஜ் பியேட் 'நரம்புத்தளர்ச்சி' என்று பொருள்படும் புதிய நோய்ப்பெயரைப் பரப்பினார். 1881இல் அவர் எழுதிய நூலிலே நீராவிச் சக்தி, தந்தி, பத்திரிகைகள், விஞ்ஞானங்கள், பெண்களின் மனவுழைப்பு ஆகியவற்றை அதற்குக் காரணங்களாக நிரைப்படுத்தினார். ஐந்தாவது காரணத்தைப் பற்றி இங்கு விவரிக்கத் தேவையில்லை. அது காரணத்தைக் காட்டிலும் பியேட்டின் காலத்தையே நன்கு விளக்குகின்றது. பிரதானமாக, அந்நோய் மூளையால் உழைக்கும் நாகரிக வகுப்பாருக்கே உரியதாகக் கருதப்பட்டது. பஞ்சாலையிலே நாள் முழுவதும் நின்றவளுக்கு நரம்புகள் இருந்தனவா என்ற வினாவை பியேட் பெரிதாக எழுப்பவில்லை.

முதலாம் உலகப்போரின் வரலாறு பலரும் அறிந்ததே. 1915இல் சாள்ஸ் மயேர்ஸ் 'ஷெல் அதிர்ச்சி' என்னும் பெயரை மருத்துவ ஏட்டிலே அறிமுகம் செய்தார். வெடிகுண்டு என்ற காரணம் அப்பெயரிலேயே அடங்கியிருந்தது. அதனாற்போலும் 1917இல் பிரித்தானியப் படைத்தலைமை அதனைக் கட்டுப்படுத்தி, இன்னும் நிர்ணயிக்கப்படாத நரம்புக்கோளாறு என்று பொருள்தரும் வெற்றுத்தொடர் ஒன்றை ஏடுகளில் எழுதச் செய்தது. போரிலிருந்து ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 படைவீரருக்கு அந்நாட்டு அரசு மன்னிப்பளித்தது 2006இல். ஏறத்தாழ இதே நாடகம் வியற்நாம் போரின் பின்னர் அமெரிக்காவிலும் மீள நிகழ்ந்தது. திரும்பிவந்த போர்வீரரும் அவர்களோடு நின்ற மருத்துவரும் 1970களிலே 'வியற்நாமிற்குப் பிந்திய நோய்க்கூட்டம்' என்று பேசினர். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல் அந்நோயை ஏற்றுக்கொண்டபொழுது பெயரிலே வியற்நாம் இல்லை. அதன் இடத்தில் ஸ்ரெஸ் இருந்தது. அங்கீகாரம் கிடைத்தது உண்மை. அதற்குக் கொடுத்த விலை ஓர் இடப்பெயர்.

மருத்துவத்திலே இச்சொல்லின் தலைவிதியை நிர்ணயித்தவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவிலே 1907இல் பிறந்து பிராக் நகரில் மருத்துவம் பயின்று கனடாவின் மொன்றியலுக்கு வந்தவர் அவர். எலிகளுக்குச் சூலகச் சாற்றை ஊசி மூலம் ஏற்றிப் புதியதோர் ஓமோன் தேடிக்கொண்டிருந்த அவர், எதனை ஏற்றினாலும் ஒரே விளைவே தோன்றுவதைக் கண்டார். அதிரீனற் சுரப்பி வீங்கிற்று. தைமசுச் சுரப்பி சுருங்கிற்று. இரைப்பையிற் புண்கள் தோன்றின. கடுங்குளிர், அறுவைக்காயம், அளவுமீறிய தசைவேலை, நச்சுப்பொருள் ஆகிய எதுவாயினும் உடல் ஒரேவிதமாகவே எதிர்விளை காட்டிற்று. 1936 யூலை 4இல் 'நேச்சர்' ஏட்டிலே ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதமாக இதனை அவர் வெளியிட்டார். அக்கடிதத்திலே ஸ்ரெஸ் என்ற சொல்லுக்கு இடமில்லை. 'ஊறு விளைக்கும் காரணிகள்' என்றே அவர் எழுதியிருந்தார். அதற்கு முன்னைய ஆண்டிலேயே ஹாவார்ட் பல்கலைக்கழக உடற்றொழிலியலாளரான வோல்ற்றர் கனன் தமது கட்டுரையொன்றின் தலைப்பில் ஸ்ரெஸ், ஸ்ரெயின் ஆகிய இரண்டையும் பொறியியற் பொருளை ஒட்டிப் பயன்படுத்தியிருந்தமை குறிப்பிடத்தக்கது.

1940களிலே செல்யே அச்சொல்லைக் கைக்கொண்டார். 1950இல் அதனையே பெயராகக் கொண்ட பெருநூலை வெளியிட்டார். ஆனால் முதலில் வெளிக்காரணியைக் குறித்த சொல் விரைவிலே உடலின் எதிர்விளைவைக் குறிக்கத் தொடங்கிற்று. ஒரே சொல் காரணமாகவும் விளைவாகவும் நிற்கிறதே என்று பிரித்தானிய மருத்துவ உலகம் எள்ளி நகையாடியது. அதன்பின் செல்யே ஸ்ரெஸ்ஸை விளைவென உறுதிசெய்து, காரணத்துக்கு 'ஸ்ரெஸ்ஸர்' என்ற புதுச்சொல்லை ஆக்கினார். பொறியியலாளரின் மொழியிலே அவர் கண்டது ஸ்ரெயின். அதற்கு அவர் இட்ட பெயர் ஸ்ரெஸ். தமது ஆங்கிலம் அக்காலத்திலே இன்னும் செம்மையாக இருந்திருப்பின் ஸ்ரெயின் என்றே பெயரிட்டிருப்பேன் எனப் பிற்காலத்திலே அவரே கூறினார். பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலிய மொழிகள் மொழிபெயர்க்க மாட்டாது அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டமையால் தவறு உலகமயமாயிற்று.

இதனை ஒரு புலம்பெயர்ந்தவரின் மொழித்தடுமாற்றம் என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடித்தல் பொருந்தாது. செல்யேயின் கோட்பாட்டினது சாரமே காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே என்பதுதான். எந்தக் கோரிக்கைக்கும் உடல் காட்டும் குறிப்பிலா எதிர்விளைவே ஸ்ரெஸ் என அவர் வரைவிலக்கணம் கூறினார். ஆய்வுகூடத்திலே இது வளமானதொரு கண்டுபிடிப்பு. அதிரீனற் சுரப்பி பற்றிய அறிவு இதனாற் பெரிதும் முன்னேறியது என்பதை மறுப்பதற்கில்லை. சமுதாயத்துக்கு அப்படியே பெயர்க்கும்பொழுதுதான் சிக்கல் எழுகின்றது. பட்டினியும் பதவியுயர்வும், வேலைநீக்கமும் விவாகமும் ஒரே தராசிலே நிறுக்கப்படுகின்றன. 1967இல் ஹோம்ஸ், றாகே ஆகிய இரு அமெரிக்கர் இவ்வாறே நாற்பத்துமூன்று வாழ்க்கை நிகழ்வுகளுக்குப் புள்ளியிட்டு அட்டவணை அமைத்தனர். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50. கூட்டினால் ஒரு தொகை வரும். ஆனால் எந்த வகுப்பாருக்கு எந்த நிகழ்வு அடிக்கடி நேர்கிறது என்ற வினா அக்கூட்டலுக்குள் வராது.

காரணம் பொருட்டன்று என்னும் கோட்பாடு எவருக்குப் பயன்படும் என்பதற்கு வரலாறு தெளிவான விடை வைத்திருக்கின்றது. அமெரிக்கச் சிகரெற் கம்பனிகள் வழக்குகளை எதிர்நோக்கிய 1950களின் பிற்பகுதியிலிருந்து செல்யேக்கும் அத்தொழிற்றுறைக்குமிடையே தொடர்பு இருந்தது. அவரது ஆய்வுகளுக்கு அத்துறை நிதி வழங்கியது. 1969இல் கனேடியப் பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றிய செல்யே, புகைத்தல் மன நெருக்குதலைத் தணிக்கும் நன்மையுடையதென்ற கருத்தை முன்வைத்தார். 1998 அளவிலே அமெரிக்க வழக்குகளின் விளைவாகக் கம்பனிகளின் அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தன. இலண்டன் ஆய்வாளர்களான மார்க் பெற்றிக்குறூவும் கெலி லீயும் அவற்றை ஆராய்ந்து 2011இல் இவ்வுறவை விவரித்தனர். மாரடைப்புக்குச் சிகரெற் காரணமல்ல, ஸ்ரெஸ்ஸே காரணம் என்று சொல்லக் கம்பனிகளுக்கு ஒரு விஞ்ஞானி தேவைப்பட்டார். ஸ்ரெஸ்ஸுக்கு யார் காரணம் என்று கேட்காத கோட்பாடு அவர்களுக்கு மிகவும் வசதியாக இருந்தது.

இன்னொரு திசையிலே 'நிர்வாகியின் ஸ்ரெஸ்' என்னும் கட்டுக்கதை வளர்ந்தது. 1958இல் ஜோசப் பிரேடி நடத்திய பரிசோதனையிலே, மின்னதிர்ச்சியைத் தடுக்கும் நெம்பைக் கையாண்ட 'நிர்வாகிக் குரங்குகள்' இரைப்பைப் புண் வந்து இறந்தன; வெறுமனே அதிர்ச்சியைப் பெற்ற குரங்குகளுக்கு ஒன்றும் நேரவில்லை. பொறுப்பு வகிப்போரே மிகுந்த துன்பத்துக்கு ஆளாகின்றனர் என்ற முடிவு பத்திரிகைகளுக்கு உவப்பாயிருந்தது. ஆயின் விரைவாக நெம்பை அழுத்திய குரங்குகளே நிர்வாகிகளாகத் தெரிவுசெய்யப்பட்டிருந்தன, தெரிவே பக்கச்சார்புடையது. பின்னர் ஜே வைஸ் எலிகளில் ஒழுங்காகச் செய்த பரிசோதனைகள் நேர்மாறான முடிவைத் தந்தன: அதிர்ச்சியைக் கட்டுப்படுத்த வழியற்ற விலங்குக்கே புண் அதிகம். இரைப்பைப் புண்ணின் பெரும்பகுதிக்கு பற்றீரியா ஒன்று காரணமென்பது 1982இலிருந்து வெளிப்பட்டு, 2005இல் அதைக் கண்ட இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தமை வேறு விடயம்.

மனிதரிடையே விடை கண்டது இலண்டன் வைற்ஹோல் ஆய்வு. 1967இல் ஏறத்தாழ 18,000 ஆண் அரசாங்க ஊழியரைக் கொண்டு அது தொடங்கியது. இவர்களுள் எவரும் பட்டினி கிடந்தவரல்லர். யாவரும் எழுதுமேசைக்கும் வாயிற்கதவுக்கும் இடைப்பட்ட ஒரே உலகத்தினர். மைக்கல் மாமொற்றும் பிறரும் 1978இல் வெளியிட்ட முடிவுகள் நிர்வாகியின் ஸ்ரெஸ் என்னும் கதையைத் தலைகீழாக்கின. தாழ்ந்த தரத்து ஊழியரான தூதுவரும் வாயில்காப்போரும் உயர் நிர்வாகிகளைக் காட்டிலும் இதயநோயால் ஏறத்தாழ மூன்று மடங்கு இறந்தனர். தரம் ஒவ்வொன்றாக இறங்க இறங்க மரணம் கூடிற்று. புகைத்தல், குருதியமுக்கம் முதலியன இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியையே விளக்கின. 1979இல் றொபேட் கறசெக் அமெரிக்க, சுவீடியத் தரவுகளைக் கொண்டு இன்னொரு படி முன்னே சென்றார். வேலையின் பளுவும், அவ்வேலையை எவ்வாறு செய்வதென்று தீர்மானிக்கும் அதிகாரமும் இணைத்து நோக்கப்படல் வேண்டுமென்பது அவரது வாதம். பளு மிகுந்தும் அதிகாரம் குறைந்தும் உள்ள இடத்திலேயே கேடு பெரிது. உற்பத்தியிலே தன் உழைப்பின்மீது ஆளுகை இழந்த மனிதனைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மார்க்ஸ் எழுதியதை அறிந்தோர்க்கு இம்முடிவு பெரும் வியப்பளித்திராது. வியப்பு, அது குருதியிலும் இதயத்திலும் அளக்கப்பட்டமையே.

சட்டமும் காலந்தாழ்த்தி இத்திசைக்கு வந்தது. நோதம்பலாந்துப் பிரதேசத்திலே சிறுவர் துன்புறுத்தல் வழக்குகள் குவிந்து ஒருமுறை நோயுற்ற சமூகசேவை அலுவலர் ஒருவர், வாக்களிக்கப்பட்ட உதவி கிட்டாது மறுமுறையும் நோயுற்றபொழுது, அதற்கு உள்ளூராட்சி மன்றமே பொறுப்பு என 1994இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமையின் அளவு மீண்டும் ஏட்டிலே எழுதப்பட்டது. ஆயினும் அன்றாட வழக்கு எதிர்த்திசையிலேயே சென்றது. அமெரிக்கக் கொச்சைவழக்காக 1980களிலே பரவிய 'ஸ்ரெஸ்ட் அவுட்' என்னும் தொடரும், நிறுவனங்கள் தம் ஊழியருக்கு நடத்தும் ஸ்ரெஸ் முகாமைத்துவ வகுப்புகளும் சுமப்பவனையே நோக்கின. ஊழியன் மூச்சை எவ்வாறு இழுத்துவிட வேண்டும் என்று அங்கே போதிக்கப்படுகின்றது. பதினாறு பேர் செய்த வேலைக்கு ஏன் பத்துப் பேர் என்ற வினா பாடத்திட்டத்துக்குப் புறம்பானது.

தமிழிலே இச்சொல் எவ்வாறு வந்து சேர்ந்தது? மானிப்பாயிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கியபொழுது ஸ்ரெஸ் ஒரு மருத்துவச் சொல்லாக இருக்கவில்லை. பின்னர் அரசகரும மொழித் திணைக்களத்தின் கலைச்சொற் பணியோடு ஒட்டி வளர்ந்த நமது பௌதிகவியற் பாடநூல்கள் பிறஷரை அமுக்கம் என்றும், ரென்சனை இழுவை என்றும், ஸ்ரெஸ்ஸைத் தகைப்பு என்றும், ஸ்ரெயினை விகாரம் என்றும் வழங்கின. தமிழகத்திலே இவை முறையே அழுத்தம், இழுவிசை, தகைவு, திரிபு எனப்படும். விகாரம், திரிபு இரண்டுமே இலக்கண ஆசிரியரிடம் கடன்பெற்றவை. புணர்ச்சியிலே எழுத்து உருமாறுவதைக் குறித்த சொல் இரும்பு உருமாறுவதைக் குறிக்க வந்தமை அழகானதோர் ஒப்புமை. தகைதல் என்பதும் தடுத்து நிற்றலாகும். றாங்கின் பிரித்த பிரிப்பை நமது பௌதிகவியற்றமிழ் செவ்வனே காப்பாற்றியிருக்கின்றது.

உளவியற்றமிழின் நிலை வேறு. தமிழகப் பத்திரிகைகளின் வழியாகப் பரவிய மன அழுத்தம் என்னும் தொடர் ஸ்ரெஸ்ஸையும் மனச்சோர்வு நோயையும் வேறுபாடின்றிக் குறிக்கின்றது. அழுத்தம் எனப் பௌதிகத்தில் வழங்காத நாமும் மனத்துக்கு மட்டும் அதனையே இரவல் வாங்கியுள்ளோம். இலங்கையிலே போர்க்காலத்தில் உளநெருக்கீடு, மனவடு, உளவளத்துணை முதலிய சொற்கள் வழக்குக்கு வந்தன. யாழ்ப்பாணத்திலே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் எழுத்துகள் இதிற் பெரும்பங்கு வகித்தன. அவ்வெழுத்துகளிலே போரும் இடப்பெயர்வும் பெயர்சுட்டிப் பேசப்பட்டன என்பதைச் சொல்லியாக வேண்டும். 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர் வந்து குவிந்த குறுங்காலப் பட்டறைகள் பலவற்றுக்கு இவ்வாறு சான்றிதழ் வழங்க முடியாது.

ஆனால் மக்கள் பேச்சுவழக்கிலே இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு பாகுபாடு உண்டு. 'பிறசர்' என்ற கடன்சொல்லை நம்மவர் குருதியமுக்கத்துக்கே பெரும்பாலும் ஒதுக்கிவைத்துள்ளனர். 'அவருக்குப் பிறசர், கோவப்படுத்தாதேங்கோ' என்பது ஒரு நோயைப் பற்றிய பேச்சு. உள்ளத்தின் நிலையைக் குறிக்க யோசினை, அந்தரம், பெருமூச்சு, நெஞ்சுச்சுமை என்பன உள்ளன. இவற்றுக்கு எதிராகக் கரைச்சல், ஆக்கினை, நெருக்குவாரம் என மற்றொரு தொகுதி உண்டு. முதலாவது தொகுதி நான்காம் வேற்றுமையோடு வரும்: எனக்கு அந்தரமாக இருக்கிறது. இரண்டாவது தொகுதி எழுவாய் வேண்டி நிற்கும்: கடன்காரன் கரைச்சல் தாறான், முதலாளி ஆக்கினை தாறார். 'எனக்குக் கரைச்சல்' என்று ஒருவர் சொன்னால் 'யாராலே?' என்று கேட்பதே அடுத்த பேச்சு. 'எனக்கு மன அழுத்தம்' என்றால் அடுத்த பேச்சு 'மருந்து எடுத்தனீங்களோ?' என்பதாகின்றது. மலையகத்திலே நாளொன்றுக்கு இத்தனை கிலோக் கொழுந்து நிறுத்தால்தான் முழுநாட் சம்பளம் என்ற விதியின்கீழ் உழைக்கும் பெண்ணின் நிலை கறசெக் வகுத்த மாதிரிக்கு உச்ச உதாரணம். மேலே கூறிய இரு தொகுதிகளுள் எதிலிருந்து அவளது நிலைக்குச் சொல் எடுக்கிறோமோ அதற்கேற்பவே விசாரணையும் மருந்துச் சீட்டுக்கோ நிறுவைத் தராசுக்கோ செல்லும்.

நெருக்கீடு என்னும் கலைச்சொல் நெருக்கு என்ற பிறவினையை உள்ளடக்கியிருப்பதனால் அழுத்தத்தைக் காட்டிலும் மேலானது என்று சிலர் வாதிப்பர். அழுத்து என்பதும் செயப்படுபொருள் ஏற்கும் வினையே. சொல்லை மட்டும் மாற்றுவதால், 'உள' என்ற முன்னொட்டு அதனை மனத்துக்குள்ளே பூட்டிவைப்பது நின்றுவிடாது. எனவே யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய பிரதேசங்களிலிருந்து இத்துறைச் சொற்களைத் திரட்டும் முயற்சி மேற்கொள்ளப்படுமாயின், சொற்பட்டியல் போதாது. சொல் வந்த முழு வாக்கியமும், அதில் எழுவாயாக நின்றது எது என்பதும், கேட்டவர் அடுத்துக் கேட்ட வினாவும் ஒவ்வொரு பதிவிலும் குறிக்கப்பட வேண்டும்.